அத்தானின் ஒரிஜினல் சப்மரைனர், என்னுடைய மாஸ்டர் காப்பி: இரண்டு வாரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தது

களியக்காவிளைக்காரன் · ஞாயிறு, இரவு 9.40

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன ஓணத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஒரு பையனிடம் 38,000 ரூபாய் கொடுத்து ரோலக்ஸ் சப்மரைனர் வாட்சின் 'மாஸ்டர் காப்பி', அதாவது உயர்ரகப் போலி, ஒன்று வாங்கினேன். தேதி இல்லாத மாடல், 124060. ஃபர்ஸ்ட் காப்பி, செவன் ஏ என்று தரம் சொல்லி ஐந்தாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் கிடைப்பது வேறு, இது வேறு என்று அவன் சொன்னான். கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்போது கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்காவும் அத்தானும் துபாயிலிருந்து வந்திருக்கிறார்கள். அத்தான் கையில் அதே மாடல், ஒரிஜினல், கடை பில்லோடு. கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரமாக இரண்டும் என் மேசையில்தான் இருக்கின்றன. 'இரண்டும் ஒன்றுதானே, இதற்கா ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறாய்' என்று அக்கா கேட்கிறாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு கை தூரத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. போன வாரம் குழித்துறையில் ஒரு கல்யாணம். அத்தான் முழுக்கைச் சட்டை, நான் அரைக்கைச் சட்டை. நாலு பேர் வந்து விலை விசாரித்தது என்னிடம்தான். அத்தான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. பெசலில், அதாவது டயலைச் சுற்றித் திருப்புகிற வெளி வளையத்தில், உள்ள எண்களை முதலில் பாருங்கள். ஒரிஜினலில் செராமிக்கில் எண்கள் பள்ளமாக இருக்கின்றன, அந்தப் பள்ளத்தில் பிளாட்டினம் படிய வைத்திருக்கிறார்கள். வெயிலில் சாம்பல் கலந்த வெள்ளியாகத் தெரிகிறது. என்னுடையதில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. பெசலைத் திருப்பினால் இரண்டிலும் சுற்றுக்கு 120 கிளிக். ஆனால் என்னுடையது நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகும் ஒரு மயிரிழை ஆடுகிறது. கண்ணாடியில் 6 மணிக்குப் பக்கத்தில் லேசரில் பொறித்த குட்டிக் கிரீடம் இரண்டிலும் உண்டு. அத்தானுடையதில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடினால்தான் கிடைக்கிறது. என்னுடையதில் தேடாமலே தெரிகிறது! இருட்டில் ஒளிர்கிற ரேடியம் இரண்டிலும் நீலம்தான். ராத்திரி கரண்ட் போனபோது ஒன்றாக வைத்துப் பார்த்தேன். என்னுடையது ஆரம்பத்தில் அதிகமாக எரிந்தது, பன்னிரண்டு மணிக்குள் மங்கிவிட்டது. அத்தானுடையது விடிகிற வரைக்கும் மணி பார்க்கிற அளவுக்கு இருந்தது.

செயின் கொக்கி விஷயத்தில் காப்பிக்காரன் அசத்தியிருக்கிறான். 2 மில்லிமீட்டர் வீதம் 20 மில்லிமீட்டர் வரை நீட்டுகிற அந்த கிளைட்லாக் என்னுடையதிலும் வேலை செய்கிறது. நீட்டும்போது மட்டும் பல்லுக்குள் மணல் அகப்பட்ட மாதிரி ஒரு நறநறப்பு.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டையும் முழுசாகச் சாவி கொடுத்துக் கழற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது என்னுடையது நின்றிருந்தது. அத்தானுடையது திங்கள் மத்தியானமும் ஓடிக்கொண்டிருந்தது. 70 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது, சரியாகத்தான் சொல்கிறது.

எனக்குப் புரியாதது ஒன்று. என்னுடையதில் பக்கவாட்டில் இருக்கிற சாவியைத் திருகி விடுவித்து இழுத்தால் இரண்டு இடத்தில் 'டக்' என்று நிற்கிறது. முதல் இடத்தில் திருகினால் எந்த முள்ளும் நகர்வதில்லை. அத்தானுடையதில் ஒரே இடம்தான். ஏன்?

கேள்வி இன்னொன்றும் உண்டு, சிரிக்கக் கூடாது. டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. இதைக் கட்டிக்கொண்டு திற்பரப்பு அருவியில் குளிக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை_கறவை · ஞாயிறு, இரவு 10.15

ஒரிஜினல் ஏறக்குறைய பத்து லட்சம். உங்களுடையது 38,000. கல்யாண வீட்டில் விலை கேட்டது உங்களிடம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன ஆராய்ச்சி? பத்து லட்சம் இருந்தால் எங்கள் பக்கத்தில் பத்து கறவை மாடு வாங்கிக் கட்டலாம், தினமும் பாலாவது கறக்கும். அலுத்துப் போனால் ஆன்லைனில் போட்டு விற்றுவிடுங்கள், முப்பதுக்காவது போகும்.

மார்த்தாண்டம்_வாட்ச்கடை · திங்கள், காலை 7.05

தம்பி, இரண்டு டக்கில் முதல் டக் தேதிக்கு. உன் டயலில் தேதி கிடையாது, ஆனால் உள்ளே இருக்கிற மெஷின் தேதி வைத்த மெஷின். டயலை மட்டும் தேதி இல்லாமல் மூடிவிட்டார்கள். ஒரிஜினலில் இருக்கிற 3230 மெஷின் தேதியே இல்லாத மாடலுக்கென்று செய்தது, அதனால் அங்கே அந்த இடமே கிடையாது. லென்ஸ் வேண்டாம், விளக்கு வேண்டாம், சாவியை இழுத்துப் பார்த்தாலே இந்த மாடலில் முக்கால்வாசிக் காப்பி மாட்டிக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் விரலை நம்பு, அப்புறம் கண்ணை நம்பு.

வினாடி முள் வழுக்கிப் போவதைப் பார்த்து ஏமாறாதே. விலை குறைந்த காப்பியில் மெஷின் மணிக்கு 21,600 தட்டு, அதாவது வினாடிக்கு ஆறு. ஒரிஜினல் மணிக்கு 28,800, வினாடிக்கு எட்டு. உன் விலையில் வருகிற காப்பியிலும் எட்டுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர்கள் கஞ்சத்தனம் செய்வதில்லை.

ரேடியம் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். அசல் ரேடியத்தை வாட்சில் பூசுவது 1960களிலேயே நின்றுவிட்டது. இப்போது பூசுவது வெளிச்சத்தை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிற பொடி, கதிர்வீச்சு கிடையாது. கஸ்டமர் பயந்துபோய்க் கேட்பதால் எழுதுகிறேன்.

குளிக்கிற கேள்விக்கு இங்கே உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. கடைக்குக் கொண்டு வா.

சித்தூர்_பிசிக்ஸ் · திங்கள், காலை 11.30

அருவிக் கணக்கை நான் சொல்கிறேன், பாலக்காட்டுச் சித்தூரில் பாடம் நடத்துகிறவன் என்ற உரிமையில்.

தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தின் அலகு) கூடும். 300 மீட்டர் என்றால் 30 பார். அருவித் தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால் வேகம் எடுக்கிறது, அந்த வேகம் வாட்சில் மோதி அழுத்தமாகிறது. ஆனால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ, அவ்வளவு ஆழத்தில் இருக்கிற அழுத்தத்தைத் தாண்டி, தொடர்ந்து விழுகிற தண்ணீர் கொடுக்காது. திற்பரப்பு ஐம்பது அடி என்று வைத்துக்கொண்டாலும் பதினைந்து மீட்டர், ஒன்றரை பார். நடுவில் பாறையில் பட்டுச் சிதறி விழுவதால் நம் மேல் அதுவும் முழுசாக விழாது.

'நீந்தும்போது கை வீசினால் அழுத்தம் பல மடங்கு ஏறும்' என்று பலர் எழுதுகிறார்கள். வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தின் அழுத்தம்தான் கூடும். நல்ல வாட்சுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒழுகுகிற வாட்சுக்குக் கை கழுவுகிற குழாயே போதும். ஆகவே கேள்வி அருவியைப் பற்றி அல்ல, உங்கள் வாட்ச் ஒழுகுமா என்பதுதான்.

கடியபட்டணம்_சிப்பி · திங்கள், மாலை 4.20

நான் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிற ஆள். பாறையில் ஒட்டியிருப்பதை இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்து வலைப்பையில் போடுவோம். மூன்று பாகம், நாலு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி), சில இடத்தில் அதற்கு மேலும் ஆழம். சிலிண்டர் எல்லாம் கிடையாது, மூச்சு அடக்கித்தான். உங்கள் லட்ச ரூபாய் வாட்ச் பற்றித் தெரியாது, கேஸியோ ஒன்று கட்டுகிறேன், 200 மீட்டர் போட்டது, குவார்ட்ஸ். கண்ணாடியெல்லாம் பாறை உரசிக் கீறிப்போயிருக்கிறது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஒரு சந்தேகம். அந்தப் பெசலைத் திருப்பி வைப்பது எதற்கு? என்னுடையதிலும் இருக்கிறது, நான் தொடுவதே இல்லை. ஏறி வர வேண்டிய நேரத்தை எங்களுக்கு நெஞ்சே சொல்லிவிடும்.

மார்த்தாண்டம்_வாட்ச்கடை · திங்கள், இரவு 9.10

சிப்பி அண்ணே, அது சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்கு. இறங்கும்போது பெசலில் உள்ள புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், அப்புறம் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நேராகப் படிக்கலாம். ஒரு பக்கமாக மட்டும்தான் திரும்பும், இடது பக்கமாக. பாறையில் இடித்துத் தானாக நகர்ந்தாலும் போன நேரம் கூடுதலாகத்தான் காட்டும், ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான். மறுபக்கம் திரும்பினால் காற்று தீர்ந்த பிறகும் நேரம் மிச்சம் இருக்கிற மாதிரி காட்டும்.

உங்கள் பாகக் கணக்கு வாட்ச் செய்கிற வெளிநாட்டுக்காரர்களிடமும் உண்டு. 1953இல் பிளாங்பான் கம்பெனி ஒரு முக்குளி வாட்ச் விட்டது, பெயரே 'ஐம்பது பாகம்'தான், இங்கிலீஷில் ஃபிஃப்டி ஃபேதம்ஸ். கிட்டத்தட்ட 91 மீட்டர். அதே 1953தான் சப்மரைனருக்கும், அன்றைக்கு 100 மீட்டர். இன்றைக்கு 300.

இந்த மீட்டர் எண் டயலில் எழுதிவிட்டால் வந்துவிடாது. முக்குளி வாட்சுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் இருக்கிறது. போட்டிருக்கிற ஆழத்துக்கு மேலே இன்னும் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். அதுவும் நூற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். ரோலக்ஸும் தன் முக்குளி வாட்சுகளை இப்படிக் கால் பங்கு கூட வைத்துத்தான் சோதிக்கிறது. 300 மீட்டர் என்று எழுதினால் 375க்கு உண்டான அழுத்தம். காப்பியில் அந்த எண் மை மட்டும்தான்.

குளச்சல்_செகண்ட்ஆபீசர் · செவ்வாய், காலை 6.50

கப்பலில் இருந்து எழுதுகிறேன், சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். களியக்காவிளைக்காரரே, டயலைச் சுற்றி உள்பக்க வளையத்தில் ரோலக்ஸ் ரோலக்ஸ் என்று ஓடுமே, 6 மணிக்குப் பக்கத்தில் சீரியல் நம்பர் இருக்கும். உங்களுடையது 47 என்று முடிகிறதா?

களியக்காவிளைக்காரன் · செவ்வாய், காலை 8.02

ஆமாம்! எப்படித் தெரியும்?

குளச்சல்_செகண்ட்ஆபீசர் · செவ்வாய், காலை 8.05

என்னுடையதும் அதேதான். எட்டு எழுத்தும் அதே. நான் வேறு நாட்டுத் துறைமுகத்தில் வாங்கினேன். எங்கள் எலக்ட்ரிக்கல் ஆபீசர் கையிலும் அதே நம்பர். மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள் போல.

சித்தூர்_பிசிக்ஸ் · செவ்வாய், காலை 8.40

ஒரே ரேஷன் கார்டில் மூன்று குடும்பம்.

நாகர்கோவில்_வக்கீல் · செவ்வாய், மதியம் 1.30

கொழிஞ்சாம்பாறை நண்பர் போகிற போக்கில் 'விற்றுவிடுங்கள்' என்று எழுதியதற்குத்தான் பதில். அதைச் செய்யாதீர்கள். 1999ஆம் வருட வர்த்தகக் குறிச் சட்டத்தில் பிரிவு 103 பொய்க் குறி பதிக்கிறவருக்கு, பிரிவு 104 அப்படிப்பட்ட பொருளை விற்கிறவருக்கும் விற்பதற்காக வைத்திருக்கிறவருக்கும். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். 'காப்பி என்று சொல்லித்தானே விற்றேன்' என்று பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வாங்கியவர் ஏமாறவில்லை என்பதால் குறி உண்மையாகிவிடாது. ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் மோசடியும் சேர்ந்துகொள்ளும்.

சொந்தக் கையில் கட்டிக்கொள்வதை இந்தப் பிரிவுகள் தொடவில்லை. கட்டிக்கொள்ளுங்கள், கைமாற்றாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_கறவை · செவ்வாய், மதியம் 2.10

சரி சார், வாபஸ். மாட்டுக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கட்டும்.

களியக்காவிளைக்காரன் · வியாழன், இரவு 10.25

இன்றைக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போய் வந்தேன். அத்தானும் வந்தார், வாட்சைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம், அந்த ரோட்டைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அண்ணாச்சி முதலில் இரண்டையும் டைமிங் மெஷினில் வைத்தார். அத்தானுடையது எப்படிச் சாய்த்து வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு வினாடி, ஒன்றரை வினாடி வித்தியாசம், அவ்வளவுதான். கம்பெனி சொல்வது கூடவோ குறையவோ 2 வினாடி. என்னுடையது மல்லாத்தி வைத்தால் நாளுக்கு 14 வினாடி கூடுதல், சாவி கீழே வருகிற மாதிரி நிறுத்தினால் 6 வினாடி குறைவு. 'இது மோசமில்லை, எச்எம்டி காலத்தில் இதற்கு மாலை போட்டிருப்பார்கள்' என்றார்.

அடுத்து தண்ணீர். கையால் பம்பு அடிக்கிற கெட்டியான கண்ணாடிக் குடுவை ஒன்று வைத்திருக்கிறார், பாதி அளவுக்குத் தண்ணீர். வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு முதலில் காற்றழுத்தம் ஏற்ற வேண்டும். ஓட்டை இருந்தால் அந்தக் காற்று மெதுவாக வாட்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், உள்ளே போன காற்று குமிழாக வெளியே வரும். எங்கிருந்து குமிழ் வருகிறதோ அங்கே ஓட்டை. பார்த்தவுடனே வாட்சைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று போன வழியில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

என்னுடையதை 3 பாருக்கு ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தோம். இறக்கினோம். சாவிப் பக்கத்திலிருந்து ஊசி முனை அளவுக் குமிழ்கள், வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக. அழகாகத்தான் இருந்தது, பிறத்தியார் வாட்சாக இருந்தால் ரசித்திருப்பேன். அண்ணாச்சி பட்டென்று தூக்கிவிட்டார்.

பின்மூடியைத் திறந்தார். உள்ளே ரோலக்ஸ் என்று செதுக்கிய தகடு பளபளவென்று இருந்தது. அந்தத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் கீழே வேறு மெஷின். சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824 மாதிரியைப் பார்த்துச் சீனாவில் செய்தது என்றார். 'நல்ல மெஷின்தான், இதற்கு முகமூடி தேவையில்லை, அது தன் பெயரிலேயே வேலை பார்த்திருக்கலாம்.' அப்புறம் சாவியைக் கழற்றி லென்ஸை என் கண்ணில் மாட்டிவிட்டுக் காட்டினார். சாவிக்குள் ரப்பர் வாஷர் இருந்தது, ஆனால் கிரீஸ் பட்ட அடையாளமே இல்லை. சாவி திருகி உட்காருகிற குழாய் கேஸுக்குள் முழுசாக இறங்கவில்லை, ஒரு பக்கம் தூக்கி நின்றது. சாவித் தலையில் கிரீடத்துக்குக் கீழே மூன்று புள்ளி மட்டும் அச்சு அசலாக இருக்கிறது. ஒரிஜினலில் அந்த மூன்று புள்ளிக்கு ஒரு அர்த்தம் உண்டு, டிரிப்லாக், தண்ணீரைப் பல அடுக்கில் தடுக்கிற ஏற்பாடு. என்னுடையதில் அது பொட்டு வைத்த மாதிரி.

அத்தானுடையதைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஐந்து வருட வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குடுவையில் மட்டும் வைத்துப் பார்த்தோம், 6 பார். ஒரு குமிழ் இல்லை. அத்தான் அதுவரை மூச்சு விட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மார்த்தாண்டம்_வாட்ச்கடை · வெள்ளி, காலை 7.15

தம்பி எழுதியது சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

குடுவை 6 பார் வரைதான் போகும், அதாவது 60 மீட்டர். அத்தானுடைய வாட்சில் மிச்சம் 240 மீட்டருக்கு நான் சாட்சி சொல்ல முடியாது, அது கம்பெனியின் வாக்கு.

அடுத்தது எனக்கே கொஞ்சம் கசக்கிற விஷயம். பத்து வருடம் கழித்து அத்தான் அந்த வாட்சை என்னிடம் கொண்டு வந்தால் நான் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த பார்ட்ஸ் கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்கும் அவர்கள் அங்கீகரித்த ஆட்களுக்கும்தான் போகும். மார்த்தாண்டத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவனுக்கு ஒரு வாஷர் கூட வராது. காப்பியைத்தான் நான் ரிப்பேர் செய்ய முடியும், அதுவும் மெஷினை மட்டும். காப்பியின் சாவிக்கும் குழாய்க்கும் ஒரு அளவு கிடையாது. இந்த வருடம் செய்கிறவன் அடுத்த வருடம் வேறு அளவில் செய்வான். உன் குழாயைக் கழற்றி, சுத்தம் செய்து, முழுசாக இறக்கி, வாஷர் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் போட்டேன். 850 ரூபாய். மறுபடி குடுவையில் வைத்தேன், 6 பாரில் குமிழ் இல்லை. குழாயைச் சரியாக இறக்காமல், ஒரு பொட்டு கிரீஸ் கூடப் போடாமல் விட்ட வாட்சுக்கு 38,000 வாங்கியிருக்கிறான் அந்தப் பையன்.

கடியபட்டணம்_சிப்பி · வெள்ளி, காலை 9.30

அண்ணே, அப்படியானால் என் கேஸியோவுக்கும் அந்தக் கிரீஸ் போட வேண்டுமா? பேட்டரி இரண்டு தடவை மாற்றியாயிற்று, மாற்றியவன் மூடியை எப்படி மூடினானோ தெரியாது.

மார்த்தாண்டம்_வாட்ச்கடை · வெள்ளி, காலை 9.42

கட்டாயம். பேட்டரி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் வாஷரைப் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வாருங்கள். வரும்போது கொஞ்சம் சிப்பி கொண்டு வந்தால் கூலி வேண்டாம்.

சித்தூர்_பிசிக்ஸ் · வெள்ளி, காலை 10.05

களியக்காவிளைக்காரர் இப்போது திற்பரப்பில் தாராளமாகக் குளிக்கலாம். ஒன்றரைக்கு ஆறு, நாலு மடங்கு.

மார்த்தாண்டம்_வாட்ச்கடை · வெள்ளி, காலை 10.20

இன்றைக்கு ஆறு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுபடி குடுவையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். குளிப்பதற்கு முன்னால் சாவியை முழுசாகத் திருகி மூடினாயா என்று பார்த்துக்கொள். வெந்நீரும் சோப்பும் வேண்டாம், அருவியைவிட அதுதான் வாஷரைக் கெடுக்கும்.

களியக்காவிளைக்காரன் · வெள்ளி, இரவு 8.55

சரி அண்ணாச்சி.

அத்தானுக்கு ஞாயிறு அதிகாலையில் திருவனந்தபுரத்திலிருந்து ஃப்ளைட். பெட்டி கட்டுகிற அவசரத்தில் மேசையில் இருப்பதை மாற்றி எடுத்துப்போய்விடக் கூடாது என்று அக்கா என்னுடைய செயினில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். சாவியை இழுத்துப் பார்த்தாலே தெரியும் என்று சொன்னேன். 'எனக்கு நூல் போதும்' என்றாள்.